கின்னிக்கோழியின் சில்லிட்ட கால்

எங்கள் வீட்டுப் பின்கதவுக்கு மேலே ஒரு தாழ்ப்பாள், கீழே ஒரு தாழ்ப்பாள். கீழே இருப்பது, என் மனைவியைப் பாம்பு கடித்து அவள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த பிறகு போட்டது. பாம்பு என்ன தாழ்ப்பாளைத் திறந்துகொண்டா வரும் என்று கேட்டேன். கேட்ட கையோடு போய் வாங்கி வந்து நானே மாட்டினேன். அவளோடு வாதாடி ஜெயித்தாலும் ஜெயிக்கலாம், அவள் பயத்தோடு வாதாடி ஜெயிக்க என்னால் ஆகாது.

மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற வழியில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளியிருக்கிறது எங்கள் ஊர். வீட்டுக்குப் பின்னால் கழனியாக இருந்த இடம் இப்போது மனைப்பிரிவு. கல் நட்டார்கள், தார் ரோடு போட்டார்கள், வாசலில் வளைவு கட்டினார்கள். மனை வாங்கியவர்களில் ஒருவர்கூட வீடு கட்ட வரவில்லை. வேலிகாத்தான் முள்தான் வந்து குடியேறியது. முள்ளுக்குள் எலி, எலிக்குப் பின்னால் பாம்பு. எங்கள் கழிப்பறை வீட்டைவிட்டுத் தள்ளி, அந்த முள்காட்டை ஒட்டி நிற்கிறது. மழைக்காலத்தில் ஒரு மாலை அங்கே போய்த் திரும்பும்போதுதான் கண்ணாடி விரியன் அவளை இடது கணுக்காலில் கடித்தது.

செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் அவளைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். உயிர் முழுசாக வந்தது, கால் முக்கால்வாசிதான் வந்தது. சாயங்காலமானால் வீங்கும், மரத்துப்போகும். வீடு வந்து சேர்ந்த அன்று அவள் அம்மா கோயில் கடையில் வாங்கிய கறுப்புக் கயிற்றை அம்மன் காலடியில் வைத்து எடுத்து வந்து, கடிபட்ட கணுக்காலிலேயே கட்டிவிட்டார். கயிறு கட்டியும் பயம் போகவில்லை. பொழுது சாய்ந்தால் அவள் பின்பக்கம் போகமாட்டாள். எனக்கு மறைமலைநகரில் உதிரிபாகக் கம்பெனியில் வேலை. செகண்ட் ஷிப்ட் என்றால் மதியமே கம்பெனி பஸ் ஏறிவிடுவேன், திரும்பி வர ராத்திரியாகிவிடும். அந்த வாரங்களில் அவள் மதியத்துக்கு மேல் தண்ணீரே குடிப்பதில்லை என்பதை ரொம்ப நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். தையல் மெஷின் மேல் நான் நிரப்பி வைத்துவிட்டுப் போகும் பாட்டில், நான் திரும்பி வரும்போதும் கழுத்து வரை நிரம்பியே இருக்கும். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பாட்டிலைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். பாட்டில் உடைந்ததுதான் மிச்சம், அவள் தண்ணீர் குடிக்கவில்லை.

கின்னிக்கோழிகளைக் கொண்டுவந்தது அவள் தம்பி. முட்டுக்காட்டு ஓட்டல்களுக்கு லோடு ஆட்டோவில் மீன் கொண்டுபோய்ப் போடுகிறவன். ஒருநாள் கூடை நிறைய இந்தப் பறவைகளை இறக்கிவிட்டு நின்றான்.

"இன்னா மச்சான் இது? கோழியா, கழுகா?" என்றேன்.

"கின்னிக்கோழி மாமா. பாம்பு வந்துச்சுன்னு வெச்சிக்கோ, ஊர எழுப்பிடும். நாயெல்லாம் இதுங்க கிட்ட பிச்ச வாங்கணும்."

எனக்கு அவற்றைப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. உடம்பெல்லாம் புள்ளி, தலை மட்டும் மொட்டை. கத்துவதோ துருப்பிடித்த கேட்டைத் திறந்து திறந்து மூடுவதுபோல இருக்கும். தபால்காரருக்குக் கத்தும், காற்றடித்தால் கத்தும், ஒன்றுமே இல்லாவிட்டால் ஏன் ஒன்றுமில்லை என்று கத்தும். அவற்றில் ஒரு பெட்டை எல்லாவற்றுக்கும் முன்னால் நடந்து, எல்லாவற்றையும் அதட்டும். ஆஸ்பத்திரி வார்டில் எங்களையெல்லாம் விரட்டிய நர்ஸ் ஞாபகத்தில் என் மனைவி அதை 'சிஸ்டரு' என்று கூப்பிட ஆரம்பித்தாள். ஊர் பேஜாராகி என்னோடு சண்டைக்கு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோர் வாயும் அடைத்துப்போனது.

அன்று பட்டப்பகலில் அவள் கழிப்பறைக்குள் இருந்தாள். வெளியே சிஸ்டர் கத்த ஆரம்பித்தது. வழக்கமான கத்தல் இல்லை, நிறுத்தாமல் ஒரே இடத்தைப் பார்த்துக் கத்தியது. மற்றவை ஓடிவந்து அதைச் சுற்றி நின்று தாங்களும் கத்தின. தாழ்ப்பாளில் வைத்த கையை எடுத்துவிட்டு அவள் கதவு இடுக்கு வழியாகப் பார்த்திருக்கிறாள். படிக்கல் மேல் விரியன் சுருண்டு கிடந்தது. நானும் அக்கம்பக்கத்தாரும் தடியோடு ஓடிப்போய் அதை முள்ளுக்குள் விரட்டும் வரை சிஸ்டர் ஓர் அடி பின்வாங்கவில்லை. கதவைத் திறந்து வெளியே வந்தவள் என் தோளைப் பிடிக்கவில்லை. நேராகப் போய் அந்தக் கோழிக்கு எதிரே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் உண்டானது. பொழுது சாயும்போது அவள் பின்கதவைத் திறந்து ஒரு பிடி கம்புத் தானியத்தை வீசுவாள். சிஸ்டர் முன்னால் கொத்திக்கொண்டே போகும், பின்னால் இவள் போவாள். அது கத்தாமல் நடந்தால் வழி சுத்தம். தண்ணீர்ப் பாட்டில் காலியாக ஆரம்பித்தது.

செய்தி பரவி, தெருவே வந்து கோழியைப் பார்த்தது. போனில் வீடியோ எடுத்தார்கள். "இன்னா கோழிம்மா இது, புள்ள கணக்கா கீது" என்று எதிர்வீட்டு அம்மா கன்னத்தில் கை வைத்ததும் இவளுக்குப் பகீரென்றது. அன்று மாலையே, தன் காலுக்குக் கட்டியது போக மீதியிருந்த கறுப்புக் கயிற்றை எடுத்து அதன் இடது காலில், விரல்களுக்கு மேலே கட்டினாள். கண் படக்கூடாதாம். "அப்படியே ஒரு கொலுசும் போட்டுவுடு" என்றேன். முறைத்தாள். மழை வந்து தோட்டம் சேறானபோது அந்தக் கயிறு கண்ணில் படவில்லை. "அறுந்து எங்கனா வுழுந்துட்டு இருக்கும்" என்று அவளே சொன்னாள். அதோடு இருவரும் அதை மறந்துவிட்டோம்.

மழை விட்ட பிறகுதான் சிஸ்டர் நொண்ட ஆரம்பித்தது. முதலில் லேசாக. பிறகு இடது காலைத் தூக்கிக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றது. பிடித்துப் பார்க்கலாம் என்று கிட்டே போனால் பறந்து கூரை மேல் ஏறியது. அங்கிருந்து சிமெண்ட் தரையில் தொப்பென்று குதித்தது. அதில் காலுக்கு இன்னும் கேடு. கடைசியில் என் மச்சான்தான் அவன் ஆட்டோவில் கிடந்த பழைய வலையை வீசிப் பிடித்துக் கொடுத்தான். நாட்டுக்கோழி மாதிரி நினைத்து நான் காலைப் பிடித்துத் தூக்கப் போனேன். "கால புடிக்காத மாமா, ஒடிஞ்சிடும்! றெக்கையோட சேத்து அணச்சித் தூக்கு" என்று கத்தினான்.

பாதம் உருண்டை கட்டியிருந்தது. அடியில் நடுவிலே மிளகு அளவுக்குக் கறுப்பாக ஒரு பொருக்கு. முள் ஏறிச் சீழ் பிடித்திருக்கிறது என்று முடிவு கட்டினோம். முள்காட்டை ஒட்டிக் குடியிருக்கிறவர்களுக்கு வேறு என்ன தோன்றும்? மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்து முழங்கால் வரைக்கும் அப்பினாள். வீக்கம் வற்றவில்லை. மற்ற கோழிகள் நொண்டியைக் கண்டதும் துரத்தித் துரத்தித் தலையில் கொத்தின. நேற்று வரை அதன் பின்னால் வாலாட்டிக்கொண்டு போனவைதான். எனக்கு வந்த கோபத்துக்கு அத்தனையையும் ஓட்டலுக்கு அனுப்பியிருப்பேன்.

மச்சான் அதைத்தான் சொன்னான். "மாமா, சொல்றேன்னு கோச்சிக்காத. கால் போன கோழி நிக்காது. கறி கெடறதுக்குள்ள போட்ரலாம்."

உள்ளே மெஷின் சத்தம் நின்றது. "இன்னொருவாட்டி சொன்னன்னா இந்த வூட்டு வாசப்படி மிதிக்காத" என்றாள் அவன் அக்கா. அவன் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு கிளம்பிப் போனான்.

கால்நடை ஆஸ்பத்திரிக்கு அதை அட்டைப்பெட்டியில் வைத்து வண்டியில் எடுத்துப்போனோம். டாக்டரம்மா பொறுமையானவர். அது துள்ளிய துள்ளலில் மேஜை மேல் இருந்ததெல்லாம் கீழே விழுந்தது. ஒரு துண்டால் தலையை மூடினார், கொஞ்சம் அடங்கியது. மஞ்சள் பற்று காய்ந்து ஓடுபோல ஒட்டியிருந்த காலைத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்காலில் கட்டி இருக்கிறது, கிருமி உள்ளே போயிருக்கிறது என்றார். தண்ணீரில் கலக்க மருந்து கொடுத்தார். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் காலை ஊறவைத்து, பற்றையெல்லாம் கழுவி எடுத்து, அயோடின் மருந்து போடச் சொன்னார். பொருக்கு இளகவில்லை என்றால் கொண்டுவாருங்கள், கீறி எடுக்கலாம் என்றார். பிறகு கேட்டார்: "கால்ல வளையம், கயிறு, ஏதாவது கட்டியிருந்தீங்களா?"

"இல்ல டாக்டர்" என்றாள் என் மனைவி.

அவள் பொய் சொல்லவில்லை. கோழிக்குக் கயிறு கட்டுவது என்றால் எங்கள் பக்கத்தில், புதிதாக வாங்கிவந்த கோழியை வீடு பழகும் வரை தூணில் கட்டிப்போடுவதுதான். அப்படி நாங்கள் கட்டவில்லை. கண்ணேறுக்குக் கட்டியது அந்தக் கணக்கிலேயே வராது. அது காப்பு. பக்கத்தில் நின்ற எனக்கும் அது ஞாபகம் வரவில்லை.

தனியாக அடைத்தால் கின்னிக்கோழி ஏக்கத்தில் இரை எடுக்காது என்றும் டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தார். அதனால் மற்றவற்றின் கண்ணில் படுகிற மாதிரி தோட்டத்திலேயே வைக்கோல் பரப்பி, கூடை போட்டுக் கவிழ்த்து வைத்தோம். அப்படியும் அது தின்னவில்லை. தலைவி இல்லாத கூட்டம் மனைப்பிரிவுப் பக்கம் மேயப் போய், இருட்டிய பிறகு எங்கோ மரத்தில் போய் அடைந்தது. பின்பக்கம் காவல் இல்லாமல் கிடந்தது. எனக்கு மறுபடி செகண்ட் ஷிப்ட். திரும்பி வந்து விளக்கைப் போட்டால் முதலில் மெஷின் மேல்தான் கண் போகும். பாட்டில் கழுத்து வரை நிரம்பியிருக்கும்.

இந்தத் தடவை நான் அதைச் சுவரில் அடிக்கவில்லை. எனக்கே பயம் வந்துவிட்டது. இந்தக் கோழி செத்தால் வேறு கோழி வாங்கலாம். அவள் இன்னொரு கோழியை நம்புவாளா?

வார விடுமுறையன்று நானே காலைக் கழுவ உட்கார்ந்தேன். அவள் துண்டில் சுற்றிய கோழியை மடியில் வைத்துக்கொண்டாள். வெந்நீரை அளவாக விளாவி, காய்ந்த பற்று எல்லாம் போகும்வரை இரண்டு பாதத்தையும் ஊறவைத்துத் துடைத்தேன். துடைக்கும்போது என் கை வழக்கமாகச் செய்கிற ஒரு காரியத்தைச் செய்தது. கம்பெனியில் எங்கள் லைனில் ஒரு மெஷின் சரியில்லை என்றால் முதலில் புறங்கையை வைத்துத்தான் பார்ப்போம். உள்ளங்கை காய்த்துப் போனது, அதற்குச் சூடு தெரியாது. பேரிங் போகப்போகிறது என்றால் சத்தம் சொல்வதற்கு முன்னால் சூடு சொல்லும். ஈரம் துடைத்த வலது பாதத்தில் புறங்கையை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. இடது பாதத்தில் வைத்தேன். சில்லென்றிருந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி வைத்தேன். அப்போதும் சில்லென்றே இருந்தது.

சீழ் கட்டிய இடம் சுட வேண்டும். இது ஏன் குளிர்கிறது?

"இன்னாய்யா?" என்றாள் என் முகத்தைப் பார்த்து.

"இரு" என்று சொல்லிவிட்டு நகத்தால் காலை மேலிருந்து கீழே தடவிக்கொண்டு வந்தேன். விரல்களுக்குக் கொஞ்சம் மேலே நகம் ஒரு பள்ளத்தில் இறங்கியது. காலைச் சுற்றி அந்தப் பள்ளம் ஓடியது. இரண்டு பக்கமும் சதை வீங்கி அதை மூடியிருந்தது. "உள்ள இன்னாமோ இறுக்கிகினு கீது. வல நூலாட்டம் தெரிது" என்றேன். மச்சான் வீசிய வலை மேல் எனக்குச் சந்தேகம். அவனைத் திட்டுவதற்கு வாயும் திறந்துவிட்டேன்.

என் விரல்கள் தடி. கத்திரி நுனி அந்தப் பள்ளத்துக்குள் போகவில்லை. "நீ புடி" என்று கோழியை என்னிடம் கொடுத்துவிட்டு அவள் எழுந்துபோனாள். தைத்த தையலைப் பிரிக்க ஒரு சின்னக் கருவி வைத்திருக்கிறாள், நுனி வளைந்து, வளைவில் மட்டும் கூர் இருக்கும். அதை வெந்நீரில் போட்டு எடுத்து, அயோடின் மருந்தால் துடைத்துக்கொண்டு வந்தாள். நான் கோழியை மார்போடு அணைத்துத் தலையைத் துண்டால் மூடினேன். அதன் நெஞ்சு என் உள்ளங்கையில் அடித்துக்கொண்டது. பயத்திலேயே இந்தக் கோழிகள் செத்துப்போகும் என்று கேள்விப்பட்டிருந்தேன். "சீக்கிரம்மே" என்றேன்.

"அவசரப்பட்டா நரம்ப அறுத்துடுவேன். சும்மா இரு."

குனிந்து, ஈரப் பஞ்சால் வீங்கிய சதையை ஒதுக்கினாள். நாற்றம் வந்தது. நுனியை மெதுவாக நுழைத்து நெம்பினாள். கோழி ஒரு உதறு உதறியது. கையை எடுத்தாள், காத்திருந்தாள், மறுபடி நுழைத்தாள். சதைக்குள்ளிருந்து கறுப்பாக ஒரு நூல் முனை தலையைக் காட்டியது. அதையொட்டி ஒரு முடிச்சு. முடிச்சின் மேல் முடிச்சாக மூன்று.

அவள் கை அப்படியே நின்றது.

வலை நூலில் அப்படி முடிச்சு இருக்காது. இப்போதெல்லாம் அந்தக் கயிறும் நைலான்தான், மழைக்கு மட்காது, அறாது. கோழியின் கால் வீங்க வீங்க அது சதைக்குள் போய்விட்டிருக்கிறது. கூரையிலிருந்து சிமெண்ட் தரையில் குதித்ததில், உள்ளங்கால் கட்டி பிறகு வந்திருக்கவேண்டும்.

"யோவ்" என்றாள். "இது நான் கட்னது."

"தெரிது."

"டாக்டரம்மா கேட்டாங்களே. இல்லன்னு சொன்னனே."

"அழுவறதுக்கு அப்பறம் டைம் கீது. இப்ப அறு" என்று அதட்டினேன். என் அதட்டல் வாழ்க்கையில் ஒரு முறை சரியான நேரத்தில் வந்தது என்றால் அது அப்போதுதான். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வளைவுக்குள் நூலைக் கொண்டுவந்து ஒரே இழுப்பில் அறுத்தாள். மறு முனையைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக உருவினாள். கயிறு முழுவதும் வெளியே வந்ததும் பள்ளத்திலிருந்து ரத்தம் கசிந்தது, நல்ல சிவப்பாக. ரத்தத்தைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அன்றுதான்.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு அவளே சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. அந்தப் பக்கம் திட்டு விழும் என்று நான் காத்திருந்தேன், விழவில்லை. மருந்தை நிறுத்தாதீர்கள், இறுக்கிக் கட்டுப் போடாதீர்கள், துணியை லேசாகச் சுற்றுங்கள், காலுக்கு ரத்தம் திரும்புகிறதா என்று பார்ப்போம் என்றார். திரும்பாவிட்டால் என்ன என்று இவள் கேட்டாள். "பாதம் போயிடும். அது போனா கோழியும் தாங்காது" என்றார் அவர்.

கூடையை வீட்டுக்குள் கொண்டுவந்து மெஷின் பக்கத்தில், ஜன்னலோரம் வைத்தாள். அங்கிருந்து மற்ற கோழிகள் அதன் கண்ணுக்குத் தெரியும். கம்பைத் தண்ணீரில் ஊறவைத்து உள்ளங்கையில் நீட்டினாள். தின்னவில்லை. பிளவுஸ் தைக்கக் கொடுத்தவர்கள் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். காலை ஊறவைப்பதும் மருந்து போடுவதுமாகவே இருந்தாள், என்னிடம் பேசவில்லை. ஒரு தடவை மட்டும், "பாம்பு கடிச்சா மருந்து கீது. நான் கடிச்சதுக்கு இன்னா பண்றது" என்றாள். சோறு ஆறிப்போகிறது என்று எதையோ சொல்லி எழுந்து போய்விட்டேன்.

நடுவிரலின் நுனி கறுத்துச் சுருங்கியது. அது தேறாது என்று எனக்கே தெரிந்தது. கறுப்பு மேலே ஏறுகிறதா என்றுதான் ஒவ்வொரு நாளும் பார்த்தோம். வேலைக்குப் போனாலும் என் நினைப்பு அங்கேயே கிடந்தது. ஒருநாள் பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிறேன், வாசலிலேயே நின்றிருந்தாள்.

"கைய கழுவிட்டு வா. வந்து தொட்டுப் பாரு."

புறங்கையை வைத்தேன். இடது பாதம் இளஞ்சூடாக இருந்தது. வலது பாதம் அளவுக்கு இல்லை. ஆனால் சூடுதான். அதட்டலாக ஒரு சத்தம் போட்டு என் கையைக் கொத்தியது சிஸ்டர். கூடைக்குள் கம்பு சிந்தியிருந்தது, பாதி தின்றிருந்தது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

விரல் நுனி காய்ந்து தானாக உதிர்ந்தது. உள்ளங்கால் பொருக்கு இளகி, உள்ளே கெட்டிப்பட்டிருந்த சீழ் டாக்டரம்மா கையால் வெளியே வந்தது. நொண்டல் நிற்கவில்லை. தோட்டத்தில் விட்டபோது மற்றவை ஒரு சுற்று கொத்திப் பார்த்தன. இது திருப்பிக் கொத்தியது. முன்னால் நடக்க முடியாவிட்டாலும், கடைசியில் வந்தபடியே எல்லாவற்றையும் அதட்டியது. தாழ்வாக ஒரு கட்டை வைத்தேன், அடைவதற்கு உயரம் ஏறிக் குதிக்கவேண்டாம் என்று.

அந்த வாரம் எனக்குப் பகல் ஷிப்ட். சாயங்காலம் வந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். அவள் எதிரே உட்கார்ந்து புடவையை ஓரடி உயர்த்தி இடது காலை நீட்டினாள். வழக்கம்போல வீங்கியிருந்தது. பாம்புக் கடியின் தழும்புக்கு மேல், சதைக்குள் பாதி புதைந்து, கறுப்புக் கயிறு. அதே கயிற்றின் மறு துண்டு. எத்தனையோ சாயங்காலம் அந்தக் காலை நான் பார்த்திருக்கிறேன், எண்ணெய்கூடத் தேய்த்துவிட்டிருக்கிறேன்.

"இத்தயும் தொட்டுப் பாரு" என்றாள்.

அவள் பாதத்தில் புறங்கையை வைத்தேன். பிறகு மற்ற பாதத்தில் வைத்தேன். இடது பாதம்தான் சில்லென்றிருந்தது, என் முகத்திலிருந்தே அவள் அதைத் தெரிந்துகொண்டாள். அந்தத் தையல் பிரிக்கிற கருவியை என் பக்கம் நகர்த்தினாள்.

"அம்மன் கயிறு" என்றேன், என்னையும் அறியாமல்.

"அம்மன் இறுக்கமா கட்டச் சொன்னாளா? கை நடுங்காம அறு."

கருவியின் வளைவை மெதுவாகக் கயிற்றுக்குக் கீழே நுழைத்தேன். எப்படியோ அறுத்தேன். சதையில் ஒரு வளையம் பள்ளமாக நின்றது. அவள் அதைக் கட்டைவிரலால் நீவிவிட்டுக்கொண்டே இருந்தாள். கயிற்றைத் தூக்கிப் போடவில்லை, சாமி படத்துக்குக் கீழே வைத்தாள். இந்த வீக்கத்தை நாளைக்கே ஆஸ்பத்திரியில் காட்டவேண்டும் என்றேன். லீவு போடு, போகலாம் என்றாள். பிறகு பாட்டிலை எடுத்து, நின்றபடியே பாதி வரை குடித்தாள்.

வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. அவள் டார்ச்சையும் ஒரு பிடி கம்பையும் எடுத்தாள். கீழ்த் தாழ்ப்பாளைத் திறந்தாள், மேல் தாழ்ப்பாளைத் திறந்தாள். சத்தம் கேட்டு, கட்டையில் அடைந்திருந்த சிஸ்டர் இறங்கி நொண்டிக்கொண்டு வந்தது. அதற்கு வேகமாகப் போக முடியவில்லை. இவள் அதைத் தாண்டிப் போகவும் இல்லை, திரும்பி என்னைக் கூப்பிடவும் இல்லை. அது ஓரடி வைத்தால் தானும் ஓரடி வைத்து, அதன் பின்னாலேயே நடந்து போனாள்.